அச்சகத்தின் பழைய கணினிகள்: எதை மாற்றுவது, எதைப் பிரித்து வைப்பது?

சிவகாசி வட்டாரத்தில் மாமனார் தொடங்கிய ஆஃப்செட் அச்சகத்தின் அலுவலகப் பொறுப்பை இப்போது ஏற்றிருக்கும் வாசகி ஒருவர் விரிவாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி அதன் சாரத்தைத் தருகிறேன். காலண்டர், லேபிள், திருமண அழைப்பிதழ், பள்ளி அடையாள அட்டை ஆகியவற்றை அச்சிடும் அந்தக் கூட்டாண்மை நிறுவனத்தில் ஏழு கணினிகள் இருக்கின்றன. பிளேட் எடுக்கும் சிடிபி இயந்திரத்தோடு இணைந்த கணினி இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது. டிசைன் செய்யும் மூன்று கணினிகளில் ஒன்று விண்டோஸ் 7. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளும் அவற்றுக்கான தமிழ் எழுத்துருக்களும் அதில்தான் உள்ளன. மற்ற இரண்டும், டேலியில் கணக்கு எழுதும் கணினியும், பில் போடும் கணினியும் விண்டோஸ் 10. ஏழாவது, வாசகியின் விண்டோஸ் 11 மடிக்கணினி.

டிசைன் மென்பொருள்கள் உரிமம் வாங்காமலே ஓடும்படி கிராக் செய்யப்பட்டவை. ஆன்டிவைரஸ் அந்தக் கிராக்கை அழித்துவிடுவதால் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்டேட் வந்தால் மென்பொருள் ஓடாது என்று சொல்லி, கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் எல்லாவற்றிலும் அப்டேட்டை நிறுத்திவிட்டார். வேலைகள் அனைத்தும் பாஸ்வேர்ட் இல்லாத ஒரே ஷேர் ஃபோல்டரில் கிடக்கின்றன. பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் கணக்குக் கணினியிலேயே எப்போதும் செருகப்பட்டிருக்கிறது. பகுதிநேரக் கணக்காளர் வீட்டிலிருந்தே டேலியைப் பார்ப்பதற்காக ரவுட்டரில் ஒரு வழி திறந்துவிடப்பட்டுள்ளது. டெண்டருக்கான மின்கையொப்ப டோக்கனும் அதே கணினியில் செருகியபடியே இருக்கிறது. அதன் பின் நம்பர் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

சென்ற சீசனில் அடுத்த தெருவில் இருக்கும் அச்சகம் ஒன்றில் ஒரு காலையில் எந்தக் கோப்பும் திறக்கவில்லையாம். பணம் கொடுத்தால் திறந்து தருகிறோம் என்ற செய்தி மட்டும் திரையில் இருந்திருக்கிறது. பல ஆண்டுகளின் காலண்டர் டிசைன்கள் போய்விட்டன. அதைப் பார்த்துப் பயந்துபோன வாசகி சில கேள்விகள் கேட்கிறார். ஏழு கணினிகளையும் புதிதாக வாங்கத்தான் வேண்டுமா? அப்டேட் உண்மையிலேயே வேலையைக் கெடுக்குமா? நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று வாங்கினால் போதாதா? எங்களைப் போன்ற சிறிய அச்சகத்தை யார் குறிவைக்கப் போகிறார்கள்? நமக்கும் அப்படி நடந்தால் பணம் கொடுக்கலாமா, சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். ஏழு கணினிகளையும் வாங்க வேண்டியதில்லை. அப்படி வாங்கினாலும், இப்போதைய பழக்கங்கள் அப்படியே தொடர்ந்தால், அடுத்த தெரு அச்சகத்துக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரக்கூடும். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது எக்ஸ்பி கணினி இல்லை. ரவுட்டரில் திறந்திருக்கும் வழியும், எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க்கும்தான் கவலைக்குரியவை. இவ்விரண்டையும் இன்று மாலையே சரிசெய்யலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். நீங்கள் தனித்தனியாகக் குறிப்பிட்டிருக்கும் குறைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை. கிராக் மென்பொருளுக்காக ஆன்டிவைரஸை நிறுத்தினீர்கள். அதே மென்பொருளுக்காக அப்டேட்டையும் நிறுத்தினீர்கள். எக்ஸ்பியோடு கோப்பு பரிமாறுவதற்காக மற்ற கணினிகளின் பாதுகாப்பையும் தளர்த்தியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். உங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் வேலை நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே இவற்றையெல்லாம் செய்திருக்கிறார். அவர்மேல் கோபப்பட வேண்டாம். கீழே சொல்லும் மாற்றங்களை அவரை வைத்தே செய்து முடிக்கலாம்.

யார் நம்மைக் குறிவைப்பார்கள்?

உங்கள் அச்சகத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு யாரும் தாக்க வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையால் உங்களுக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை. இணையத்தில் இருக்கும் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேறிடத்திலிருந்து கணினியை இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வசதி வழக்கமாக 3389 என்ற போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள இணைய வாசலில், இயங்கும். உங்கள் ரவுட்டரில் அந்த வழி திறந்திருந்தால், அதைக் கண்டுபிடித்துப் பொதுவான பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்ப்பது அந்த நிரலுக்கு வெகு சாதாரண வேலை. அதற்கு நீங்கள் அச்சகமா வங்கியா என்பது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

சிறிய நிறுவனங்கள் தமக்குச் சேவை தருபவர் வழியாகவும் பாதிக்கப்படுகின்றன. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தின் மீது ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், தாக்குதல் நடத்தியது. அதன் தொழில்நுட்பத்தை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவை தடைபட்டது. அந்த வங்கிகளில் எதையும் யாரும் தனியாகக் குறிவைக்கவில்லை. உங்கள் கணக்காளர் வேறு சில நிறுவனங்களின் கணக்கையும் வீட்டுக் கணினியிலிருந்தே பார்ப்பவராக இருந்தால், அந்த ஒரு கணினியின் நலத்தை நம்பித்தான் நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள்.

ஆகவே ரவுட்டரில் உள்ள அந்த வழியை மூடச் சொல்லுங்கள். ரவுட்டரோடு வந்த பழைய பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். கணக்காளர் வீட்டிலிருந்துதான் பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் என்ற மறையாக்கம் செய்த தனி இணைப்பு வழியாக வரட்டும். அல்லது அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் ஒவ்வொரு முறையும் அனுமதி கொடுத்தால் மட்டுமே திறக்கும் ரிமோட் செயலியைப் பயன்படுத்தட்டும். யாரும் இல்லாத நேரத்திலும் உள்ளே வரும் வசதி அதில் கட்டாயம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அப்டேட் வேலையைக் கெடுக்குமா?

சில சமயம் கெடுக்கும். உங்கள் சிஸ்டம்காரரின் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான ஒரு அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, விமானங்கள் நின்றன. எனவே எந்த அப்டேட்டையும் வந்த மறுநிமிடமே எல்லாக் கணினிகளிலும் போட்டுவிட வேண்டும் என்பதில்லை.

ஆனால் அப்டேட் போடாமல் விடுவதால் வரும் இழப்பு எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். 2017 மே 12 அன்று தொடங்கிய வான்னாகிரை தாக்குதல் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பாதித்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்று அவற்றுக்கு அப்டேட் வந்துகொண்டுதான் இருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். அந்தத் தாக்குதல் ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குப் பரவுவதற்கு யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு ஒத்துவரும் வழி இதுதான். மைக்ரோசாஃப்டின் வழக்கமான அப்டேட் மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வருகிறது. முதலில் ஒரே ஒரு டிசைன் கணினியில் அதைப் போடுங்கள். நான்கைந்து நாள் அதில் வழக்கமான வேலைகளைச் செய்து, பிரின்ட் கொடுத்து, கோப்புகளைத் திறந்து பார்த்து, குறை எதுவும் இல்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மற்றவற்றிலும் போடுங்கள். விண்டோஸிலேயே அப்டேட்டைச் சில வாரங்கள் தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது. வேலை நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் வசதியும் இருக்கிறது. அப்டேட்டை அடியோடு நிறுத்துவதற்குப் பதிலாக இவ்விரண்டையும் பயன்படுத்தினாலே, அவசர வேலையின் நடுவே கணினி நின்றுபோகும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். விண்டோஸுக்கு மட்டுமல்லாமல் பிரவுசர், பிடிஎஃப் திறக்கும் மென்பொருள், டேலி, ரவுட்டர் ஆகியவற்றுக்கும் இதே ஒழுங்கு வேண்டும்.

விண்டோஸ் 10 கணினிகள் நான்கு

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி வழக்கம்போல் ஓடுவதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் இனி அதில் அடைபடாது என்பதே இதன் பொருள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். பல கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை ஆன் செய்தாலே போதும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் கருவி ஒவ்வொரு கணினியும் தகுதியானதா என்று சொல்லிவிடும். தகுதியில்லாத கணினியிலும் தடையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அப்படிப் போட்ட கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கணக்கும் வங்கியும் இருக்கும் கணினியில் அதைச் செய்ய வேண்டாம்.

நிறுவனங்களுக்கு நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் என்ற கட்டணத் திட்டமும் உண்டு. மூன்று ஆண்டுகள் வரை வாங்கலாம். முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர். ஒவ்வோர் ஆண்டும் அது இருமடங்காகும். ஒரு சீசனைக் கடப்பதற்கு அது உதவும். மூன்று ஆண்டுக்கும் கட்டுவதைவிடப் புதுக் கணினிக்கு அந்தப் பணத்தைச் சேர்ப்பதே மேல் என்பது என் கருத்து. நான்கில் ஒன்றைத்தான் இந்த ஆண்டு மாற்ற முடியும் என்றால், கணக்குக் கணினியை மாற்றுங்கள்.

எக்ஸ்பியையும் விண்டோஸ் 7-ஐயும் பிரித்து வையுங்கள்

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும் முடிந்தன. சிடிபி இயந்திரம் நன்றாக ஓடும்போது, அதன் மென்பொருளுக்காக மட்டும் பல லட்சம் செலவு செய்யச் சொல்வது நியாயமாகாது. அந்தக் கணினியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இணையத்திலிருந்தும் மற்ற கணினிகளிலிருந்தும் அதை முழுமையாகத் துண்டித்துவிடுங்கள்.

இதற்கான காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். எக்ஸ்பிக்குக் கோப்புப் பகிர்வில் எஸ்எம்பி என்ற முறையின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். வான்னாகிரை பரவியது அந்த வழியாகத்தான். இன்றைய விண்டோஸில் அந்தப் பதிப்பு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். உங்கள் எக்ஸ்பியும் விண்டோஸ் 10 கணினிகளும் ஒரே ஷேர் ஃபோல்டரைப் பார்க்கின்றன என்றால், யாரோ அதை மீண்டும் ஆன் செய்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். அதாவது ஒரு பழைய கணினிக்காக மற்றக் கணினிகளின் கதவும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்பியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த முதல் பதிப்பை எல்லாக் கணினிகளிலும் அணைக்கச் சொல்லுங்கள்.

அதன்பின் பிளேட்டுக்குப் போக வேண்டிய கோப்பை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். அதற்கென்றே ஒரு பென்டிரைவ் வையுங்கள். அதில் அடையாளமாகச் சிவப்பு நாடா ஒட்டுங்கள். அது அப்டேட் உள்ள ஒரு டிசைன் கணினிக்கும் எக்ஸ்பிக்கும் இடையே மட்டும் போய்வரட்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் எக்காரணம் கொண்டும் எக்ஸ்பியில் செருகப்படக் கூடாது. அச்சகத் தொழிலில் வைரஸ் வருவதற்கான பெரிய வாசலே அந்தப் பென்டிரைவ்தான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கவுன்டரில் ஒரே ஒரு கணினியில் மட்டும் அதைச் செருகி, ஸ்கேன் செய்து, தேவையான கோப்பை மட்டும் நகலெடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். முதல் சில வாரம் டிசைன் செய்பவர்கள் முணுமுணுப்பார்கள்; பிறகு பழகிவிடும்.

எக்ஸ்பி கணினிக்கு வைரஸைவிட உறுதியான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்க் பழையது. ஒருநாள் அது நின்றுவிடும். அன்று சிடிபி மென்பொருளின் சிடி கிடைக்காது, நிறுவித் தந்தவரும் கிடைக்க மாட்டார். இப்போதே அந்த டிஸ்க்கை முழுவதுமாக இன்னொரு டிஸ்க்கில் க்ளோன் எடுத்து, அதை மாட்டி ஒரு பிளேட் போட்டுப் பார்த்துவிட்டு, பத்திரமாக எடுத்து வையுங்கள். சிடிபி மென்பொருள் ஓடுவதற்குச் செருகும் உரிமச் சாவியான டாங்கிள் இருந்து, அது தொலைந்தால் மாற்று கிடைக்குமா என்பதை இயந்திரம் விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

விண்டோஸ் 7 கணினிக்கும் இதே விதிதான். பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001-இல். அதன் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. பழைய வேலைகளைத் திறந்து பார்க்க மட்டும் அந்தக் கணினியை இணையமின்றி வைத்திருங்கள். அடிக்கடி மறுபதிப்பு கேட்கப்படும் வேலைகளை, தொழில் மந்தமாக இருக்கும் மாதங்களில், எல்லாக் கணினியிலும் திறக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். மாற்ற முடியாதவற்றுக்கு அச்சுத் தரத்தில் பிடிஎஃப் எடுத்து வையுங்கள். புதிய வேலையை அதில் தொடங்கவே வேண்டாம்.

ஆன்டிவைரஸும் கிராக்கும்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்து, விண்டோஸும் அப்டேட்டாக இருந்தால், உங்கள் அளவு நிறுவனத்துக்கு நல்ல தொடக்கம் அதுவே. விலை கொடுத்து வேறொன்றை வாங்கி, கிராக்குக்காக அதையும் அணைத்து வைத்தால் அந்தப் பணம் வீண். அதோடு, கிராக் ஃபைல்கள் வழியாகவே பாஸ்வேர்ட் திருடும் நிரல்கள் பரவுகின்றன. ஆன்டிவைரஸை அணையுங்கள் என்று அந்த ஃபைலைத் தருபவரே சொல்வது எதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். கணினி நிரலின் திருட்டுப் பிரதியை அறிந்தே பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். தண்டனை ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் இரண்டு லட்சம் வரை. தொழில் லாபத்துக்காகப் பயன்படுத்தாதவர்களிடம் நீதிமன்றம் தளர்வு காட்டச் சட்டம் இடம் தருகிறது. அச்சகத்துக்கு அது பொருந்தாது. மூன்று டிசைன் கணினிகளுக்கும் ஒரே நாளில் உரிமம் வாங்க முடியாது என்பது புரிகிறது. ஒன்றுக்கு உரிமம் வாங்குங்கள். அழைப்பிதழ், அடையாள அட்டை போன்ற எளிய வேலைகளுக்கு இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் ஒத்துவருமா என்று உங்கள் டிசைனர் ஒருவரை ஒரு மாதம் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். பிளேட் வரை கொண்டுபோய்ச் சோதித்த பின்பே முடிவெடுங்கள். நிறங்கள் மாறிவிடும் வாய்ப்பு உண்டு.

பேக்கப்

எல்லாவற்றிலும் இதையே நான் முதலில் வைப்பேன். கோப்புகளைப் பூட்டும் நிரல், அது நுழைந்த கணினிக்கு எழுதும் அனுமதி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போகும். ஷேர் ஃபோல்டரைப் பூட்டும். செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் பூட்டும். ஒரு கணினி மட்டும் பாதிக்கப்பட்டாலே போதும், மற்ற ஆறும் அப்டேட்டாக இருந்தாலும் பொது ஃபோல்டர் பூட்டப்பட்டுவிடும். இப்போது உங்களிடம் இருப்பது ஒரே இடத்தில் கிடக்கும் இரண்டு நகல்கள். அதைப் பேக்கப் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றொன்று. நகலெடுக்கும்போது மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஒன்று எப்போதும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். அச்சகத்தில் தீப்பிடித்தாலும் அது தப்பும். டேலி டேட்டா அளவில் சிறியது. அதைத் தினமும், பழைய பதிப்புகளையும் சேர்த்து வைத்திருக்கும் கிளவுட் சேவை ஒன்றில் ஏற்றுங்கள். முடிந்துபோன காலண்டர் டிசைன்கள் இனி மாறப் போவதில்லை. அவற்றைத் தனியே பிரித்து இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்து இரண்டு இடங்களில் வைத்துவிட்டால், வாரந்தோறும் நகலெடுக்க வேண்டியது நடப்பு வேலைகள் மட்டும்தான். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு வேலையை எடுத்து வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்பது, தேவைப்படும் அன்றுதான் தெரியவரும்.

ஷேர் ஃபோல்டருக்கு ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பில் போடுபவருக்கு டிசைன் ஃபோல்டரில் எழுதும் அனுமதி எதற்கு? பழைய டிசைன்கள் இருக்கும் ஃபோல்டரில் யாருக்கும் படிக்கும் அனுமதிக்கு மேல் வேண்டியதில்லை. அன்றாட வேலையை அட்மின் அல்லாத கணக்கில் செய்யச் சொல்லுங்கள். அட்மின் பாஸ்வேர்டுகள் உங்களிடம் உறையிட்டு இருக்கட்டும். சிஸ்டம்காரரின் நினைவில் மட்டும் இருக்கக் கூடாது.

சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பவை

ஜிஎஸ்டி பதிவேடுகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சிஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு. மின்னணுப் பதிவேடுகளுக்கு முறையான பேக்கப் வைத்து, அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி இருக்க வேண்டும் என்று 57-ஆம் விதி சொல்கிறது. வைரஸ் வந்து கணக்கு போய்விட்டது என்பது அங்கே எடுபடும் என்று எண்ண வேண்டாம்.

மின்கையொப்ப டோக்கன் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, அதன் ரகசியத் திறவுகோலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் பெற்றவரின் கடமை. அது வேறொருவர் கைக்குப் போய்விட்டதைச் சான்றளித்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் வரை பொறுப்பும் அவருடையதே. டோக்கனைக் கழற்றிப் பூட்டி வையுங்கள். ஒட்டியிருக்கும் பின் நம்பரைக் கிழித்துவிட்டுப் புதியது வையுங்கள்.

பள்ளி அடையாள அட்டைக்காக வரும் குழந்தைகளின் படம், முகவரி, பெற்றோர் தொலைபேசி எண் ஆகியவை உங்களிடம் எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கின்றன? 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. தாம் கொடுத்த தரவை அச்சகம் எப்படிக் காக்கிறது என்று பள்ளிகளே உங்களைக் கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. அச்சிட்டுக் கொடுத்து, திருத்தங்களும் முடிந்த பின் அந்தத் தரவை அழித்துவிடுவது நல்லது. உங்களிடம் இல்லாததை யாரும் உங்களிடமிருந்து திருட முடியாது.

நேர்ந்துவிட்டால்

முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள்; வைஃபையை அணையுங்கள். பேக்கப் டிஸ்க்கை அந்த நேரத்தில் எந்தக் கணினியிலும் செருகாதீர்கள். திரையில் இருக்கும் செய்தியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம்காரர் வந்ததும் ஃபார்மட் போடச் சொல்வார், அதற்கு உடன்படாதீர்கள். பூட்டப்பட்ட டிஸ்க்கை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, வேறு டிஸ்க்கில் புதிதாக விண்டோஸ் போடுங்கள். சில வகை ரான்சம்வேருக்குத் திறவுகோல்கள் பின்னாளில் வெளிவந்திருக்கின்றன. டச்சுக் காவல்துறையும் யூரோபோலும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் இணையதளம் அவற்றை இலவசமாகத் தருகிறது.

பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. கொடுத்தவர்கள் எல்லோருக்கும் கோப்பு திரும்பி வருவதில்லை. வந்தாலும் நுழைந்த ஓட்டை அப்படியே இருக்கும். வாழ்நாள் உழைப்பு முழுவதும் பூட்டப்பட்டு நிற்கும் ஒருவரின் தவிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த இக்கட்டுக்கு நீங்கள் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பேக்கப்பைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

இத்தகைய தாக்குதலை, அறிந்த ஆறு மணி நேரத்துக்குள், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான உத்தரவு சொல்கிறது. நாங்கள் கம்பெனி இல்லையே, கூட்டாண்மைதானே என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். கூட்டாண்மைக்கும் கடமை உண்டு என்று கொண்டு தகவல் அனுப்பிவிடுவதே பாதுகாப்பானது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி (இப்போதைய நிலையை வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்), உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் போன பணத்தை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் இழப்பு உங்களைச் சேராது. பாஸ்வேர்டையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையதே.

எந்த வரிசையில் செய்வது?

ஆடிப்பெருக்கன்று புது ஆண்டின் மாதிரிகளைக் காட்டும் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால் டிசம்பர் வரை உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ரவுட்டர், டோக்கன், பேக்கப் டிஸ்க் மூன்றையும் இந்த வாரமே முடியுங்கள். எக்ஸ்பியைத் துண்டிப்பதும் க்ளோன் எடுப்பதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஷேர் ஃபோல்டர் அனுமதிகளையும் கணக்குக் கணினி மாற்றத்தையும் சீசனுக்கு முன் முடிக்கப் பாருங்கள்; நடுவில் தொடங்க வேண்டாம். மற்ற விண்டோஸ் 10 கணினிகளும் மென்பொருள் உரிமங்களும் தை, மாசி வரை காத்திருக்கலாம். ஆனால் டிஃபெண்டரை அதுவரை அணைத்து வைத்திருக்கக் கூடாது. இந்த வாரமே ஆன் செய்யுங்கள். அதனால் கிராக் மென்பொருள் ஓடாமல் போகும் கணினி எதுவோ, முதல் உரிமத்தை அதற்கு வாங்குங்கள்.

கணினி வாங்கும் செலவை மாமனார் ஏற்க மறுக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். எக்ஸ்பியை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். பிறகு, முந்தைய ஆண்டின் காலண்டர் ஃபோல்டர் மட்டும் அழிந்தால் அதை மறுபடி செய்ய எத்தனை ஆள், எத்தனை நாள் கூலி ஆகும் என்று அவரையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொழிலை உருவாக்கியவருக்கு அந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சிடிபி விற்றவரின் பதில் வந்ததும், ஹெல்த் செக் கருவி நான்கு கணினிகளுக்கும் காட்டிய முடிவையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். எந்தக் கணினியை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பதை அதன்பின் திட்டமாகச் சொல்கிறேன்.